மனுத்தாளிலே தோற்கும் பிள்ளைகள்

பரீட்சை எழுதித் தோற்றவனைப் பார்த்திருக்கிறோம். பரீட்சை மண்டபத்துக்குள் நுழையும் முன்பே, மனுத்தாளைப் பூர்த்தி செய்யும்போதே தோற்றவனைப் பார்த்ததுண்டா? ‘க்யூட்’ என்று பிள்ளைகள் சொல்கிறார்களே, மத்தியப் பல்கலைக் கழகங்களின் பொது நுழைவுத் தேர்வு, அது இந்த அதிசயத்தையும் செய்துவருகிறது!

முடிச்சூரிலிருந்து தாம்பரம் சானடோரியத்துக்கு ஷிப்டு வேலைக்குப் போகும் தோழர் ஒருவர். மகள் பிளஸ் டூ. கிழக்குத் தாம்பரத்துக் கிறிஸ்தவக் கல்லூரியிலோ சர்க்கார் கலைக் கல்லூரியிலோ சேர க்யூட் வேண்டியதில்லை. ஆனால் திருவாரூர் மத்தியப் பல்கலைக் கழகம் என்றால், டில்லிப் பல்கலைக் கழகம் என்றால், 2022 முதல் இந்த வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். பன்னிரண்டு வருஷம் படித்து வாங்கிய மார்க்கு? தேறினாளா என்று பார்ப்பதற்கு மட்டும்!

இதை நாம் ஏற்கவில்லை. 1984-ல் வந்த தொழிற்படிப்பு நுழைவுத் தேர்வை 2007-ல் சட்டம் செய்து நீக்கிய நாடு தமிழ்நாடு. க்யூட்டைக் கைவிடும்படி 2022 ஏப்ரல் 11-ல் நமது சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அமெரிக்காவிலேகூட, கல்லூரிகளுக்காக நடத்திவந்த ‘சாட்’ பாடவாரித் தேர்வுகளை 2021-ல் நிறுத்திவிட்டார்கள். மாணவர் சுமையைக் குறைக்க என்றார்கள். அங்கே இறக்கிவைத்த மூட்டையை அடுத்த வருஷமே இங்கே நம் பிள்ளைகளின் தலையில் ஏற்றினார்கள்.

எதிர்ப்போம். ஆனால் எதிர்க்கிறோம் என்பதற்காக, இருக்கிற இடங்களைப் பிறருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வரப்போகிறோமா? கூடாது. ஆகவே மனுத்தாளைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம்.

2025-ல் மொத்தம் 37 தாள்கள். மொழிகள் 13, தமிழும் அதில் ஒன்று. பாடங்கள் 23. பொதுத் திறன் தேர்வு ஒன்று. ஒருவர் ஐந்து வரை எடுக்கலாம். தாளுக்கு 50 கேள்வி, 60 நிமிஷம், 250 மார்க்கு. சரியான விடைக்கு ஐந்து. தவறானால் ஒன்று போய்விடும். பாடத் தாள்களைத் தமிழிலேயே எழுதலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரியவே தெரியாது.

பன்னிரண்டாம் வகுப்பில் படிக்காத பாடத்தையும் எடுக்கலாம் என்று 2025-ல் தாராளம் காட்டினார்கள். நல்லதுதானே என்று பிள்ளை இஷ்டப்பட்டதைக் குறித்துவிடுகிறது. தேர்வை நடத்துவது தேசியத் தேர்வு முகமை. இடம் கொடுப்பது பல்கலைக் கழகம். டில்லிப் பல்கலைக் கழகமோ, பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பாடத்தைத்தான் எழுதியிருக்கவேண்டும் என்கிறது. ஒருவன் வாசலைத் திறந்துவிடுகிறான். உள்ளே இருப்பவன் கழுத்தைப் பிடிக்கிறான்!

இன்னொன்று பாருங்கள். டில்லியில் பொருளாதாரம் ஹானர்ஸ் படிக்க ஒரு மொழி, கணிதம், வேறு இரண்டு பாடங்கள், ஆக நான்கு தாள், ஆயிரம் மார்க்கு. இதில் மொழி தமிழாக இருக்கலாம். அந்த 250-ம் கணக்கில் சேரும். நம் பிள்ளை நன்றாக எழுதக்கூடிய தாளை விட்டுவிட்டு, ஆங்கிலம்தான் கௌரவம் என்று அதை மட்டும் குறிப்பானேன்? (ஆங்கில இலக்கியம் படிக்கப் போகிறவளுக்கு ஆங்கிலம் வேண்டும், அது வேறு.) ஆனால் கணிதம் இல்லாமல் வணிகவியல் குரூப் எடுத்த பிள்ளைக்கு இந்தப் படிப்பு மூடியே கிடக்கிறது. அந்தக் கதவு பிளஸ் ஒன் சேர்ந்த அன்றே மூடியது. பத்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டிலிருக்கும் தோழர்கள் இதை இப்போதே கேட்டுக்கொள்ளட்டும்.

நம் பாடப் பெயரும் அவர்கள் பாடப் பெயரும் ஒன்றாக இராது. இங்கே வணிகவியல் என்பது அங்கே ‘பிசினஸ் ஸ்டடீஸ்’. பாடத்திட்டமும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை ஒட்டியது. எனவே, நம் புத்தகத்துக்கு நெருங்கிய பாடங்களையே குறிப்பது புத்தி. பொதுத் திறன் தேர்வு சில படிப்புக்கு மட்டுமே வேண்டும். எதற்கும் இருக்கட்டுமே என்று சேர்த்தால் காசு போகும். 2025-ல் மூன்று தாள் வரை பிற்பட்ட வகுப்பினருக்கு 900 ரூபாய், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 800. அதற்கு மேல் ஒவ்வொரு தாளுக்கும் முறையே 375, 350. ஐந்து தாள் என்றால் 1,650 ரூபாய்! தினக்கூலிக்காரனுக்கு இது எத்தனை நாள் உழைப்பு?

காலத்தையாவது பார்த்து வைத்தார்களா? 2025-ல் மனுப்போடும் காலம் மார்ச் 1-ல் தொடங்கி அந்த மாதத்திலேயே முடிந்தது. நம் பிளஸ் டூ பரீட்சை மார்ச் 3 முதல் 25 வரை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, எந்தக் கல்லூரி எந்தத் தாளைக் கேட்கிறது என்று அந்த நேரத்தில்தான் தேடவேண்டுமாம்! ஆங்கிலம் தெரிந்த அப்பன் வீட்டில் அப்பன் தேடுவான். நம் வீட்டில்?

நம் கிளைத் தோழர்கள்தான் தேடவேண்டும். படித்த இளைஞர் இருவர் டிசம்பரிலேயே உட்கார்ந்து, சேர விரும்பும் படிப்பை முதலில் எழுதி, அது கேட்கும் தாள்களைப் பக்கத்தில் எழுதி, இரண்டு மூன்று படிப்புக்கும் பொதுவாக வரும் தாள்களைப் பொறுக்கி எடுத்தால் பெரும்பாலும் நான்கிலே அடங்கிவிடும். விதிகள் வருஷாவருஷம் மாறுகின்றன. 2024-ல் ஆறு தாள் என்றவர்கள் 2025-ல் ஐந்து என்றார்கள். ஆகவே அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்தபின்பே மனுவை அனுப்பவேண்டும்.

கலைக் கல்லூரி மனுவையும் கூடவே போட்டு வைக்கச் சொல்லுங்கள். 2025-ல் பிளஸ் டூ முடிவு மே 8-ல் வந்தது. க்யூட் முடிவு வந்தது ஜூலை 4-ல்.