சுவரில் தொங்கும் பெரியோர்

நமது ரயில்வே குடியிருப்புத் தம்பி ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயில்கிறார். தேர்வில் மதிப்பெண் குறைந்தமையால் படிப்பையே விட்டுவிடும் எண்ணத்தோடு விடுமுறைக்கு வந்திருந்தார்.

"ஸர் சி. வி. இராமன் பயின்ற கல்லூரியாயிற்றே, தம்பி!" என்றேன்.

"சுவரில் தொங்கும் அப்பெரியோரை நினைத்தால் அச்சந்தான் வருகிறது, அண்ணா" என்றார்.

நான் மெட்ரிகுலேஷனோடு நின்ற குமாஸ்தா. எனினும் படித்தறிந்ததைச் சொன்னேன். 1906-இல் இராமனின் முதற் கட்டுரை இலண்டன் சஞ்சிகையில் வெளிவந்தபோது அவர் அக்கல்லூரி மாணவர், வயது 18. 1907 முதல் பத்தாண்டுகள் அவர் பார்த்தது நிதி இலாகா உத்தியோகம். (அதிகாரியாகத்தான், நம்மைப்போல் அன்று!) அலுவல் போக எஞ்சிய நேரமே கல்கத்தா பௌபஜார் தெரு ஆராய்ச்சிக்கூடத்திற்கு.

அவர் தமையனார் ரயில்வே கணக்கு அதிகாரி. அவருக்கு 1910-இல் லாகூரில் பிறந்த மகனே சந்திரசேகர். அவரும் மாநிலக் கல்லூரி மாணவரே.

"சித்தப்பாவே இராமன் என்றால் யாருக்குத்தான் ஊக்கம் பிறக்காது?" என்றார் தம்பி.

நியாயமான கேள்வி. ஆயினும் 1928-இல் ஜெர்மானியப் பேராசிரியர் ஸோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, சந்திரசேகர் தாமே அவர் தங்கிய விடுதிக்குச் சென்றார். தாம் கற்ற பௌதிகம் பழையதாகிவிட்டது என்பதே அங்கு அவர் அறிந்த செய்தி! அவரோ பேராசிரியர் தந்த கட்டுரையின் அச்சுப்படியை வாங்கிவந்து, புதியதைத் தாமே பயின்றார். மறு ஆண்டே, மாணவராயிருக்கையிலேயே, ராயல் சொஸைட்டி வெளியீட்டில் அவர் கட்டுரை வந்தது. நோபல் பரிசு வந்தது 1983-இல்.

தம்பி நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "விளங்காததைக் கேட்க எந்த ஆசிரியரிடமும் இதுவரை நான் போனதில்லை" என்றார்.

மறு வாரம் சென்னை மெயிலுக்கு நானே சீட்டு எடுத்துக் கொடுத்தேன்.