பங்கு மதிப்பீட்டுக்கு முன் பேப்பர்களைத் தயார் செய்வது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கடிதம் டைப் செய்யவும் போட்டோக்களைச் சேமிக்கவும் சீக்கிரமே பழகிவிடுவார்கள். வீட்டில் யாராவது சிறிய கம்பெனி ஆரம்பித்திருந்தால், அதே கம்ப்யூட்டர் இன்னொரு முக்கியமான வேலைக்கும் உதவும். கம்பெனிப் பங்கின் விலையை மதிப்பிடும் முன்பு பேப்பர்களை ஒழுங்குபடுத்துவதுதான் அந்த வேலை.

கோவையில் என் அண்ணன் மகன் இரண்டு நண்பர்களுடன் ஒரு பிரைவேட் லிமிடெட் சாப்ட்வேர் கம்பெனி நடத்துகிறான். 20 லட்சம் ரூபாய் முதலீடு செய்ய ஒருவர் முன்வந்தார். "சித்தப்பா, மதிப்பீட்டாளர் பெரிய லிஸ்ட் அனுப்பியிருக்கார். எது எங்கே இருக்குன்னே தெரியலை" என்று போன் செய்தான். இரண்டு நாள் அவனோடு உட்கார்ந்து வேலை பார்த்தேன். அதில் கற்றுக்கொண்டதை இங்கே சொல்கிறேன்.

மதிப்பீடு எதற்கு?

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிக்குத் தினமும் விலை தெரியும். சிறிய கம்பெனிக்கு அப்படி விலை கிடையாது. எனவே பிரைவேட் கம்பெனி வெளியாள் ஒருவருக்குப் புதிய பங்கு ஒதுக்கும்போது, பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையை வைத்தே விலை வைக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம். இவர்கள் ஐ.பி.பி.ஐ. என்ற மத்திய அமைப்பிடம் பதிவு செய்தவர்கள். நிலம்-கட்டடம், இயந்திரம், பங்கு எனத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. உங்கள் மதிப்பீட்டாளர் பங்குப் பிரிவில் பதிவு பெற்றவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வருமான வரிக்கான மதிப்பீட்டுக்குத் தனி விதிகள் உள்ளன. அதை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

புதிய கம்பெனிகளுக்குப் பெரும்பாலும் வருங்கால வருமானத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் பார்க்கும் முறையைப் பயன்படுத்துகிறார்கள். ஆண்டுக்கு 25 சதவீதம் கழிவு என்று வைத்தால், அடுத்த ஆண்டு வரப்போகும் 125 ரூபாய்க்கு இன்று 100 ரூபாய் மதிப்பு. இப்படிக் கிடைக்கும் மொத்த மதிப்பைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பங்கின் விலை வந்துவிடும்.

ஐந்து ஃபோல்டர்கள்

முதலில் டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்து, 'நியூ', பிறகு 'ஃபோல்டர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்குக் கம்பெனியின் பெயரைக் கொடுங்கள். அதற்குள் ஐந்து ஃபோல்டர்களை உருவாக்குங்கள்.

1. பதிவு: கம்பெனி பதிவுச் சான்றிதழ், மெமோரண்டம், ஆர்ட்டிக்கிள்ஸ்.

2. பங்கு: பங்குதாரர் பதிவேடு, பங்குச் சான்றிதழ்கள் அல்லது டீமேட் பட்டியல், பங்கு ஒதுக்கிய போர்டு தீர்மானங்கள், கம்பெனிப் பதிவாளருக்கு அனுப்பிய பாஸ்-3 படிவங்கள்.

3. கணக்கு: ஆடிட் செய்த கணக்குகள், மதிப்பீட்டுத் தேதி வரையிலான தற்காலிகக் கணக்கு, கடன் விவரம்.

4. கணிப்பு: வரும் ஆண்டுகளின் வரவு செலவுக் கணிப்பு.

5. ஒப்பந்தம்: வாடிக்கையாளர், ஊழியர், முதலீட்டாளர் ஒப்பந்தங்கள்.

காகிதமாக உள்ளவற்றை 300 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள். ஃபைலின் பெயரை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள். உதாரணம்: '2021-04-02 போர்டு தீர்மானம்'. நாளை முதலில் எழுதினால் 2022 டிசம்பர் 1-ஆம் தேதி ஃபைல், 2021 ஏப்ரல் 2-ஆம் தேதி ஃபைலுக்கு முன்னால் போய் நிற்கும். பெயரை மாற்ற, ஃபைலை ஒருமுறை கிளிக் செய்து எஃப்-2 விசையை அழுத்தினால் போதும்.

கணிப்பை மட்டும் பி.டி.எஃப். ஆக்காமல் எக்ஸெல் ஃபைலாகவே கொடுங்கள். விடைகளைக் கையால் டைப் செய்யாமல் ஃபார்முலாவாக வையுங்கள். விற்பனை வளர்ச்சி 30 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தால் என்ன ஆகும் என்று மதிப்பீட்டாளர் பார்ப்பார். ஃபார்முலா இருந்தால் ஒரு எண்ணை மாற்றியதும் மற்றவை தாமாக மாறும்.

கூட்டிப் பார்த்தீர்களா?

பங்குதாரர் பெயர்களை எக்ஸெல்லில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, எதிரே பங்குகளின் எண்ணிக்கையை டைப் செய்யுங்கள். கடைசி எண்ணுக்குக் கீழே உள்ள செல்லைக் கிளிக் செய்து, 'ஆட்டோசம்' பட்டனை அழுத்தி என்டர் தட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை பங்குதாரர் பதிவேடு, பாஸ்-3 படிவங்கள், ஆடிட் செய்த பேலன்ஸ் ஷீட் ஆகிய மூன்றோடும் ஒத்துப்போக வேண்டும்.

எங்களுக்கு ஒத்துப்போகவில்லை. எக்ஸெல்லில் 10,000 பங்குகள். பதிவேட்டில் 9,500 தான். மீதி 500 எங்கே என்று ஒரு மணி நேரம் தேடினோம். கடைசியில் ஒரு பழைய ஈ-மெயிலில் கிடைத்தது. கம்பெனியில் முதலில் சேர்ந்த ஊழியருக்குக் குறைந்த சம்பளத்துக்கு ஈடாக 500 பங்குகள் தருவதாக எழுதியிருந்தான். அதை நம்பி அந்தப் பெண் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறார். தீர்மானமும் இல்லை, ஒதுக்கீடும் இல்லை.

"500 தானே சித்தப்பா, இப்போதைக்கு விட்டுடலாமா?" என்றான். கணக்கைப் போட்டுக் காட்டினேன்.

கம்பெனியின் மதிப்பு ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10,000 பங்குகளால் வகுத்தால் ஒரு பங்கு 1,000 ரூபாய். 9,500-ஆல் வகுத்தால் சுமார் 1,052 ரூபாய் 63 காசு. இந்த விலையில் 20 லட்சத்துக்கு 1,900 பங்குகள். முதலீட்டாளரிடம் 16.67 சதவீதம் இருக்கும். பிறகு அந்த 500 பங்குகளைக் கொடுத்தால் அவர் பங்கு 15.97 சதவீதமாக இறங்கும். யாரும் முன்கூட்டிச் சொல்லாத இறக்கம் அது. கொடுக்காவிட்டால் ஏமாறுபவர் அந்த ஊழியர். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மெயிலையும் பங்கு ஃபோல்டர்ல போட்டுடுங்க" என்றான்.

மதிப்பீட்டாளரிடம் எதையும் மறைக்காமல் சொன்னோம். வெளியிட்ட பங்குகள் 9,500, வாக்குறுதி 500 என்று இரண்டையும் அவர் தனித்தனியாகக் கேட்டு வாங்கினார். கம்பெனி ஊழியர் பங்குத் திட்டத்துக்குத் தீர்மானம் நிறைவேற்றி, அந்த ஊழியருக்கு முறையான கடிதம் கொடுத்தது. வேலை மூன்று வாரம் தள்ளிப்போனது. முதலீட்டாளர் விலகவில்லை.

மதிப்பீட்டாளர் உங்கள் கணக்கை ஆடிட் செய்வதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கொடுத்த விவரங்கள் சரியானவை என்று நிர்வாகத்திடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவற்றை நம்பித்தான் அறிக்கை தருவார். பேப்பர் தவறாக இருந்தால் அறிக்கையும் தவறாகும். பொறுப்பு உங்களுடையது.

பாதுகாப்பு

இந்த ஃபோல்டரில் பான் எண், வங்கி விவரம் எல்லாம் இருக்கும். எனவே ஃபைல்களுக்குப் பாஸ்வேர்டு கொடுத்து, பாஸ்வேர்டை வேறு வழியில், உதாரணமாகப் போனில், சொல்லுங்கள். ஒரு காப்பியைப் பென் டிரைவில் எடுத்து, கம்ப்யூட்டர் இருக்கும் இடத்தில் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள். மதிப்பீட்டாளருக்கு அனுப்பிய ஃபோல்டரை அப்படியே தேதியிட்டு வைத்துவிட்டு, திருத்தங்களைப் புதிய காப்பியில் மட்டும் செய்யுங்கள். எந்தப் பேப்பரை வைத்து விலை வந்தது என்று பின்னால் யாராவது கேட்டால், உடனே எடுத்துக் காட்டலாம்.

முதலீட்டாளர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றே பங்குதாரர் பட்டியலை எக்ஸெல்லில் எழுதி ஒருமுறை ஆட்டோசம் அழுத்திப் பாருங்கள். கூட்டுத்தொகை பதிவேட்டோடு சேரவில்லை என்றால், யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்று பழைய ஈ-மெயில்களைத் தேடத் தொடங்குங்கள்.