பூட்டாமல் படிப்பது எப்படி? லினக்ஸ் கெர்னலும் ரெண்டு புதுக்கோட்டையும்

புதுக்கோட்டைன்னு சொன்னா பெரும்பாலானோருக்கு மாவட்டத் தலைநகர்தான் ஞாபகம் வரும். தூத்துக்குடியில இருந்து திருநெல்வேலி போற வழியிலயும் ஒரு புதுக்கோட்டை இருக்கு. அதனால பேரை மட்டும் சொன்னா போதாது, "எந்தப் புதுக்கோட்டை?" என்ற கேள்விக்கும் பதில் சொல்லணும். லினக்ஸ் கெர்னலும் கோப்புகளை இப்படித்தான் தேடுகிறது.

லினக்ஸில் கோப்பு வேறு, அதன் பெயர் வேறு. அளவு, உரிமையாளர், அனுமதிகள், மாற்றிய நேரம் எல்லாம் ஐநோடு என்ற பதிவில் இருக்கும். பெயர் அதில் இருக்காது. பெயரையும் ஐநோடையும் இணைப்பது டென்ட்ரி. ஏற்கெனவே தேடிய டென்ட்ரிகளை கெர்னல் நினைவகத்தில் சேர்த்து வைக்கும். அதற்குப் பெயர் டிகேஷ். அதில் தேடும்போது பெயரோடு, அது எந்தக் கோப்புறைக்குள் இருக்கு என்பதையும் சேர்த்தே பார்க்கும்.

/தமிழ்நாடு/தூத்துக்குடி/புதுக்கோட்டை/குறிப்பு என்ற கோப்பைத் திறக்க, ஒவ்வொரு படியாக இறங்கி, ஒவ்வொரு கோப்புறையிலும் நுழைய அனுமதி இருக்கான்னு பார்க்கணும். பாதி வழியில் வேறொரு புரோகிராம் ஒரு கோப்புறையை அழித்தால் அல்லது பெயர் மாற்றினால்? விடுவிக்கப்பட்ட நினைவகத்தைப் படித்து கெர்னல் விழலாம். அதைவிட மோசம், பார்க்கக்கூடாத கோப்பு திறந்துவிடலாம்.

இதற்கு எளிய வழி பூட்டு. லினக்ஸ் 2.4-இல் மொத்த டிகேஷுக்கும் ஒரே பூட்டுதான். பல பிராசசர்கள் உள்ள கணினியில், வெறுமனே படிக்க வந்தவர்களும் அந்த ஒரு பூட்டுக்காகக் காத்து நின்றார்கள்.

இதைத் தீர்த்ததில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. ஐபிஎம் நிறுவனத்தின் இந்தியக் கிளையில் இருந்த தீபாங்கர் சர்மாவும் மனீஷ் சோனியும், அமெரிக்காவில் இருந்த பால் மெக்கென்னியோடு சேர்ந்து, ஆர்சியு என்ற முறையை டிகேஷுக்குக் கொண்டுவந்தார்கள். 2003 டிசம்பரில் வந்த 2.6-இல் அது இருந்தது.

ராத்திரி ஹோட்டல் மூடுறதை நினைச்சுப் பாருங்க. ஷட்டரைப் பாதி இறக்கிடுவாங்க, புதுசா யாரும் உள்ளே வர முடியாது. ஆனா சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறவரை எழுப்ப மாட்டாங்க. கடைசி ஆள் போனபிறகுதான் விளக்கை அணைப்பாங்க. ஆர்சியுவும் அதேதான்: டென்ட்ரியை முதலில் பட்டியலில் இருந்து எடுத்துவிடும், ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் முடித்தபிறகுதான் நினைவகத்தை விடுவிக்கும். படிப்பவருக்குப் பூட்டே தேவையில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். கையில் இருக்கும் டென்ட்ரி உயிரோடு இருக்கும் என்பதற்குத்தான் ஆர்சியு உத்தரவாதம். அது இன்னும் அதே இடத்தில், அதே பெயரில் இருக்கு என்பதற்கு இல்லை. அதனால் 2.6-இல், டென்ட்ரி கிடைத்ததும் அதற்கு மட்டுமான சின்னப் பூட்டைப் போட்டு, பெயரையும் மேல்கோப்புறையையும் மறுபடி சரிபார்த்தார்கள். 2011-இல் வந்த 2.6.38-இல் நிக் பிகின் அதையும் குறைத்தார். ஒவ்வொரு டென்ட்ரியிலும் ஒரு வரிசை எண். படிக்கும் முன்னும் பின்னும் அதைப் பார்க்கணும். நடுவில் எண் மாறியிருந்தால், படித்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு பழைய மெதுவான வழியில் போகணும்.

மாற்றம் செய்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. 'அ' கோப்புறையை 'ஆ'வுக்குள் ஒருவர் நகர்த்துகிறார். அதே நொடியில் 'ஆ'வை 'அ'வுக்குள் இன்னொருவர் நகர்த்துகிறார். தனித்தனியே ரெண்டும் சரியான வேலைதான். ரெண்டும் ஒன்றாக நடந்தால், 'அ'வும் 'ஆ'வும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழன்று, மேலிருந்து வர வழியே இல்லாமல் துண்டாகிவிடும். உள்ளே இருக்கும் கோப்புகள் அழியவில்லை, ஆனால் யாராலும் எட்ட முடியாது. அதனால்தான் ஒரு கோப்புறையில் இருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும்போது மட்டும், அந்தக் கோப்பு முறைமை முழுவதற்கும் ஒரே பூட்டு இன்றும் இருக்கு.

நம் புரோகிராமுக்கும் இதே பாடம்தான். முதலில் ஆக்சஸ் மூலம் அனுமதியைச் சோதித்துவிட்டு, பிறகு ஓபன் செய்தால், நடுவில் அந்தப் பெயர் வேறொரு கோப்பைக் காட்டத் தொடங்கியிருக்கலாம். முதலில் திறங்கள், கையில் கிடைத்த கோப்பையே எஃப்ஸ்டாட் மூலம் விசாரியுங்கள். பெயர் எப்போது வேண்டுமானாலும் கை மாறும். திறந்த கோப்பு மாறாது.