நாள்தோறும் ஒரு சித்திரம்

மக்கள் பழகத்தக்க கலைகள் பலவற்றுள்ளும் சித்திரக்கலைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. எல்லாரும் குழவிப் பருவத்திலேயே அதனைத் தாமே தொடங்குகின்றனர். பெரும்பாலோர் இளமை முற்றுமுன்னரே அதனைக் கைவிட்டும் விடுகின்றனர். கரித்துண்டு கிடைத்தாற் சுவரிலும், குச்சி கிடைத்தால் மணலிலும் கோடிழுத்து மகிழாத குழந்தை இல்லை. அக்குழந்தையே பத்துப் பன்னிரண்டு ஆண்டு நிரம்பியபின், "எனக்குச் சித்திரம் வராது" என்று கூறி ஒதுங்கி நிற்கின்றது. இடையே நிகழ்ந்தது யாது? கைவன்மை குறைந்துவிட்டதோ? அன்று. தான் வரைந்ததைப் பிறர் வரைந்ததோடு ஒப்பிட்டுக் குறைகாணும் அறிவு வளர்ந்தது. அவ்வறிவு வளர்ந்த அளவிற்குக் கை வளரவில்லை. ஆகவே நாணம் புகுந்தது; நாணம் புகவே, இன்பம் நீங்கிற்று.

சித்திரக்காரராக வேண்டும் என்னும் எண்ணமில்லாதாரும் நாள்தோறும் சிறிது நேரம் வரைந்து இன்புறுதல் எங்ஙனம் என்பதையும், அதனால் எய்தும் பயன் யாது என்பதையும் ஈண்டுச் சுருங்க எடுத்துரைப்போம்.

எமக்கு எட்டு வயது நிரம்பியிருந்த காலத்தில், தொழுவத்தில் நின்ற எருதைச் சிலேட்டில் வரைந்து எம் சிற்றப்பாவிடம் காட்டினோம். அவர், "இது மாடா, ஆடா?" என்று கேட்டு நகைத்தார். அன்பினால் நகைத்தாரேயன்றி வேறில்லை. ஆயினும் அன்று கீழே வைத்த பலப்பத்தைச் சித்திரத்தின்பொருட்டு முப்பது ஆண்டுகள் யாம் மீண்டும் எடுத்திலேம். பின்னர் எம் முன்னோர் வீடு பிறர் கைக்கு மாறி, இடிக்கவும் பட்டது. ஒருநாள் மாலை அவ்வீட்டின் முகப்பைத் தாளில் வரைந்து எம் மக்களுக்குக் காட்ட விழைந்தோம். திண்ணைத் தூண்கள் நான்கோ ஐந்தோ, அறியோம். வாயில்நிலையின்மேற் செதுக்கியிருந்த பூ தாமரையோ வேறொன்றோ, அறியோம். பதினெட்டு ஆண்டுகள் அத்திண்ணையில் அமர்ந்து பாடம் படித்தோம். ஒருநாளேனும் அதனைக் கண்டிலேம். அன்று உற்ற வருத்தமே எம் கையில் மறுபடியும் பென்சிலைக் கொடுத்தது.

காண்டலே முதற்பயன்

ஆங்கில அறிஞர் ஜான் ரஸ்கின், இலண்டன் மாநகரில் 1854-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தொழிலாளர் கல்லூரியில் உழைத்துண்ணும் மக்களுக்குச் சித்திரம் கற்பித்தார். 1857-இல் அவர் வெளியிட்ட சித்திரப் பயிற்சி நூலின் முகவுரையில் தம் நோக்கத்தைத் தெளிவுபடுத்தியுள்ளார். வரையக் கற்பதற்காக இயற்கையைப் பார்க்கச் சொல்வதினும், இயற்கையிடத்து அன்புகொள்வதற்காக வரையக் கற்பிப்பதே தமக்கு உவப்பானது என்பது அவர் கருத்து. கண்ணும் மனமும் விழிப்படைதலே பயன். தாளில் எஞ்சி நிற்பது அவ்விழிப்பின் அடையாளம்.

இப்பயனை இழந்து வருந்தியவருள் சார்லஸ் டார்வினும் ஒருவர். அவர் 1831 முதல் 1836 வரை பீகிள் என்னும் கப்பலில் உலகைச் சுற்றி வந்தார். வரையத் தெரியாமையாலும், உடற்கூற்றறிவு போதாமையாலும், அப்பயணத்தில் தாம் எழுதிக் குவித்த குறிப்புகளுள் ஒரு பெருந்தொகுதி ஏறக்குறையப் பயனற்றுப்போயிற்று என்று தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியுள்ளார். அத்துணை நுண்ணறிவினர்க்கும் அவ்விழப்பு நேர்ந்ததெனின், நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

படம்பிடிக்கும் கருவி எல்லார் கையிலும் உள்ள இக்காலத்தில் வரைதல் எதற்கு எனச் சிலர் வினவலாம். கருவி ஒரு நொடியிற் பார்த்து முடித்துவிடுகின்றது. அது பார்த்தமையால் நாம் பார்த்தோமாகி விடோம். வரைபவனோ தூணின் அடி முதல் நுனிவரை தன் கண்ணாலேயே நடந்து செல்ல வேண்டியவனாகின்றான்.

பிழை நேரும் வகை

நன்றாக வரையவில்லையே என்னும் கவலை நீங்க வேண்டுமாயின், பிழை எவ்வாறு நேர்கின்றதென்று அறிதல் நலம். ஒரு செம்பைத் தரையில் வைத்து நேர்மேலிருந்து நோக்குக: அதன் வாய் வட்டமாகத் தோன்றும். சற்று விலகி அமர்ந்து நோக்குக: அவ்வட்டம் ஒடுங்கி நீள்வட்டமாகும். செம்பைக் கண்மட்டத்திற்கு உயர்த்துக: வாய் ஒரு நேர்க்கோடாகவே தோன்றும். ஆயினும் புதிதாக வரையத் தொடங்குவோர், எவ்விடத்திலிருந்து நோக்கினும், வாயை முழு வட்டமாகவும் அடியை நேர்க்கோடாகவுமே வரைவர். வாய் வட்டமானது என்று மனம் முன்னரே அறியும். செம்பு சாயாமல் நிற்பது என்றும் அறியும். ஆதலின் அது கண்ணைக் கேளாமலே கைக்குக் கட்டளையிட்டு விடுகின்றது.

அழகிய கையெழுத்து எழுதவல்ல ஒருவர் செம்பைக் கோணலாக வரைவாராயின், அது கையின் குற்றமன்று என்பது இதனால் விளங்கும். நாம் பாராமல் விட்ட இடம் எது என்பதைப் பிழையே சுட்டிக் காட்டுகின்றது. சுட்டிக் காட்டுவாரை முனிதல் தகுமோ?

இதற்கு எளிய மருந்துகள் இரண்டு உண்டு. நாற்காலியை வரையும்போது கால்களை வரைய முயலாமல், கால்களுக்கு இடையே தோன்றும் வெற்றிடத்தின் வடிவத்தை வரைக. வெற்றிடம் இன்ன வடிவினது என்று மனம் முன்னரே அறியாது. ஆதலின் கண் கூறுவதையே கை கேட்கும். மற்றொன்று அளவு. கையை முழுதும் நீட்டிப் பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பொருளின் உயரத்தைக் கட்டைவிரலாற் பென்சிலின்மேற் குறித்து, அவ்வளவை அகலத்தோடு ஒப்பிடுக. உயரமென்று நினைத்தது அகலத்தினும் குறைவாயிருத்தல் கண்டு பலகால் வியப்பெய்துவோம்.

பழகும் முறை

கோடிடாத சிறு நோட்டுப் புத்தகம் ஒன்றும், மென்மையான பென்சில் ஒன்றும் போதும். விலையுயர்ந்த புத்தகம் வாங்குதல் தகாது. அதன் வெண்மையைக் கெடுத்துவிடுவோமோ என்னும் அச்சமே முதல் தாளில் கைவைக்க ஒட்டாது. காலம் பத்து நிமிஷம். அதனையும் முன்னரே நாள்தோறும் செய்துவரும் ஒரு செயலோடு பிணைத்துக்கொள்க. காலையிற் காப்பி அருந்தியபின் என்றோ, விளக்கேற்றியபின் என்றோ வரையறுத்துக்கொண்டால், இன்று வரைவோமா, நாளை வரைவோமா என்னும் வழக்கிற்கு இடமிராது.

பொருளைத் தேடி அலைய வேண்டா. அழகிய காட்சியைத் தேடுவோனுக்குத் தேடுவதிலேயே பத்து நிமிஷமும் கழியும். எதிரே கிடக்கும் செருப்பு, மூலையிற் சாய்ந்த குடை, பாதி உரித்த வாழைப்பழம், கொடியிற் காயும் வேட்டியின் மடிப்பு ஆகிய யாவும் தக்க பொருள்களே. காகம் போன்று அசையும் உயிரை வரைய வேண்டின், ஒரே தாளில் நான்கைந்து உருவங்களைத் தொடங்கிவிடுக. அது தலையைத் திருப்பினால் அடுத்த உருவத்திற்குச் செல்க. பழைய நிலைக்கு மீண்டால் முன்னதைத் தொடர்க. சில உருவங்கள் முடியாமலே நிற்கும், அதனாற் கேடில்லை.

இரப்பரை அருகில் வைத்துக்கொள்ளுதல் கூடாது. தவறான கோட்டை அழித்துவிட்டால், அதே தவறு அதே இடத்தில் மீண்டும் விழும். அதனை நிற்கவிட்டுத் திருத்திய கோட்டை அதன் பக்கத்திலே இட்டால், எவ்வளவு பிறழ்ந்தோம் என்பது கண்ணெதிரே தோன்றும். ஒவ்வொரு தாளிலும் நாளைக் குறிக்க. எத்தாளையும் கிழிக்க வேண்டா. முதல் மாதத்தில் ஒருவருக்கும் காட்டவும் வேண்டா. ஒருநாள் தவறிப்போயின், மறுநாள் இருமடங்கு வரைந்து ஈடுசெய்ய முயல்வது பயனற்றது. கடன்போல் எண்ணத் தொடங்கினால் களிப்பு ஒழிந்துவிடும். அன்றைக்குரியதை அன்று வரைந்தால் அமையும்.

பெரியோர் கண்ட நெறி

கலையிற் சிறந்தோரும் இங்ஙனமே பழகினர். ஜான் கான்ஸ்டபிள் என்னும் ஆங்கில ஓவியர் 1821, 1822-ஆம் ஆண்டுகளில் இலண்டனை அடுத்த ஹாம்ஸ்டெட் மேட்டில் நின்று மேகங்களை விரைந்து தீட்டினார். பல தாள்களின் பின்புறத்தில் நாளும் வேளையும் காற்றடித்த திசையும் குறித்துவைத்தார். பிறர் புகழ்ச்சிக்காக அவற்றை அவர் காட்சியில் வைத்தாரல்லர். வானத்தைக் கற்கவே தீட்டினார். நம் நாட்டில், சாந்திநிகேதனத்துக் கலாபவனத்திற் பல்லாண்டு ஆசிரியராய் விளங்கிய நந்தலால் போஸ் (1882–1966), அஞ்சலட்டை போன்ற சிறு அட்டைகளிற் கண்ணிற் பட்டவற்றையெல்லாம் வரைந்துகொண்டேயிருந்தார். 1938-இல் ஹரிபுராவிற் கூடிய காங்கிரஸ் மகாசபைக்காக அவர் தீட்டிய படங்களில் நாட்டுப்புறத்து எளிய மக்கள் உயிரோடு உலவுவதற்கு அப்பழக்கமே அடிப்படை எனலாம்.

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் (1760–1849) வரலாறு இன்னும் வியப்புடைத்து. மக்கள், விலங்குகள், மீன்கள், பூச்சிகள், கருவிகள் என அவர் வரைந்து குவித்த சிறு சித்திரங்களின் முதற்றொகுதி 1814-இல் வெளியாயிற்று. பதினைந்தாம் தொகுதி அவர் மறைந்து 29 ஆண்டுகள் கழிந்தபின் 1878-இல் வெளிவந்தது. எழுபது வயதை அடையுமுன் வரைந்தவற்றுள் மதிக்கத்தக்கது ஒன்றுமில்லை என்றும், நூற்றுப்பத்து வயதில் தாம் இடும் ஒவ்வொரு புள்ளியும் உயிர்பெறும் என்றும் அவர் 1834-ஆம் ஆண்டு நூலொன்றின் இறுதியில் எழுதினார். குறையை இத்துணை நன்கு உணர்ந்தும் அவர் சோர்ந்தாரல்லர். நிறைவை நெடுந்தொலைவில் வைத்துவிட்டு, அன்றைய சித்திரத்தை அன்று மகிழ்ந்து வரைந்தார்.

கோலம் கற்பிப்பது

இந்நெறியைக் கற்க நாம் ஜப்பானுக்குச் செல்ல வேண்டுவதில்லை; நம் வாயிற்படியே போதும். வைகறையில் முற்றம் தெளித்துப் புள்ளி வைத்துக் கோலமிடும் நம் தாய்மாரும் தங்கைமாரும் தம்மைச் சித்திரக்காரர் என்று எண்ணுவதில்லை. இட்ட கோலத்தை எறும்பு உண்ணும். வருவோர் காலடியில் அது கலையும். மறுநாட் காலையில் வாயில் வெறுமையாகக் காத்திருக்கும். ஒரு சிறுமி இழுத்த இழை கோணிப்போயின், வீடே வருந்துவதில்லை. நாளைக்கும் வாயில் உண்டு. இங்ஙனம் அச்சமின்றி நாள்தோறும் பழகியமையாலன்றோ, பாட்டியார் குனிந்து ஒரே மூச்சில் இடும் இழை அத்துணை நேராக ஓடுகின்றது? நம் நோட்டுப் புத்தகத்தின் தாளையும் அவ்வாயில்போலக் கருதுவோமாக.

மாணவ நண்பர்களே, இப்பக்கத்தை மூடிவிட்டு, எழுந்து சென்று பாராமலே ஒரு வினாவிற்கு விடை கூறுங்கள். நாள்தோறும் நீங்கள் நடக்கும் நம் கல்லூரித் தாழ்வாரத்திற்குத் தூண்கள் எத்தனை? அவற்றின் தலை எவ்வடிவினது? கூற இயலாதாயின் வருந்த வேண்டா. நீங்கள் இங்கிருந்து நீங்குதற்கு இன்னும் நாள் உளது. நாளைக்கு ஒரு தூணை வரைந்து பாருங்கள்.

எம் புத்தகத்திற் சென்ற வாரம் வரைந்த எருது ஒன்று உள்ளது. எம் சிற்றப்பா இன்று இருந்து அதனைக் காண்பாராயின், மாடா, ஆடா என்று மீண்டும் வினவுதல் கூடும். ஆயினும் அதன் இடக்கொம்பு வலக்கொம்பினும் தாழ்ந்திருப்பதையும், வெயிலில் நிற்கும்போது அது ஒரு பின்னங்காலைத் தளர்த்தி மற்றொன்றிற் சாய்ந்து நிற்பதையும் யாம் இப்போது அறிவோம்.