நாய்க்கு சொறியா? கழிவு ஆயில் தடவாதீங்க!

கடலூர் முதுநகர் ஆனாலும் சரி, சிதம்பரம் தேர் வீதி ஆனாலும் சரி, நாய்க்கு சொறி என்றால் டீக்கடை வைத்தியம் ஒன்றுதான்: "மெக்கானிக் ஷாப்புல கழிவு ஆயில் வாங்கித் தடவு!"

இது வைத்தியம் அல்ல, விஷம்! தோல் வெந்துபோகும். நக்கினால் ஆயில் வயிற்றுக்குள் போகும். மண்ணெண்ணெயும் அப்படித்தான்.

சொறிக்குப் பெரும்பாலும் காரணம் கண்ணுக்குத் தெரியாத பூச்சி. அதில் ஒரு வகை தோலைத் துளைத்துக் குடியிருக்கும். நாயைக் கொஞ்சும் குழந்தைக்கும் அரிப்பு தரும். முடி கொட்டினால் நேரே அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

வராமல் காக்க...

செலவு அதிகமில்லை. துறைமுகத்து மத்தி மீனை உப்பு, மிளகாய், வெங்காயம் இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்துப் போடுங்கள். அதன் கொழுப்பு தோலுக்கும் முடிக்கும் நல்லது. வெங்காயமோ நாயின் ரத்தத்தையே கெடுக்கும்!

தினமும் சீப்பால் வாரினால் உண்ணி அகப்படும். நாம் குளிக்கிற சோப்பு வேண்டாம், தோல் வறண்டுவிடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம்ம பக்கம் அடைமழை. நனைந்து வந்த நாயை உடனே துவட்டுங்கள். ஈரம் தங்கினால் புண்தான்.

வாசலைக் காக்கிற ஜீவன் வாய்விட்டுச் சொல்லாது. நாமதான் பார்க்கணும்!