டிரம்முக்குள்ளே என்ன நடக்குது? வாங்க, எட்டிப் பார்ப்போம்!

டேனரிக்குள், அதாவது தோல் பதனிடும் ஆலைக்குள், நுழைந்ததும் கண் நேராகப் போவது அந்த மர டிரம்கள் மேல்தான். ஆள் உயரத்தையும் தாண்டிய டிரம்கள் திருவிழா ராட்டினம் மாதிரி ஓயாமல் சுற்றுகின்றன. உள்ளே தோல், தண்ணீர், மருந்து. கதவோ மூடியிருக்கிறது. அப்புறம் வேலை சரியாக நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வார்கள்? ஆம்பூர் பக்கம் வருகிறவர்கள் பார்க்கவேண்டிய வித்தையே அதுதான்!

தோலில் ஏறியிருக்கிற சுண்ணாம்பை நீக்குகிற கட்டம். டிரம்மை நிறுத்தி ஒரு தோலை வெளியே இழுக்கிறார்கள். தடிமனான இடமாகப் பார்த்துக் கத்தியால் ஒரு வெட்டு. வெட்டிய முகத்தில் பினாப்தலின் என்ற மருந்து ஒரு சொட்டு. ஓரமெல்லாம் வெள்ளையாகவே இருக்க, நடுவில் மட்டும் பளிச்சென்று ரோஜா நிறத்தில் ஒரு கோடு! அங்கே இன்னும் சுண்ணாம்பு பாக்கி. கதவை மூடு, இன்னும் கொஞ்சம் சுற்றட்டும். தோலைப் பதப்படுத்த க்ரோம் உப்பு ஏற்றியபின் வேறு சோதனை. ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடுகிறார்கள். சுருங்காமல் கிடந்தால் தேறிவிட்டது. சுருண்டால் க்ரோம் சரியாகப் பிடிக்கவில்லை.

கம்ப்யூட்டர்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ஜிடிபி என்ற டீபக்கர் (பிழை தேடும் கருவி), ஓடுகிற புரோகிராமைக் குறித்த வரியில் நிறுத்தி, அந்த நிமிடம் உள்ளே எந்த மதிப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும். எஸ்ட்ரேஸ் என்ற கருவி, புரோகிராம் லினக்ஸிடம் கேட்கிற ஒவ்வொரு வேலையையும் வரிசையாக எழுதிவைக்கும். அப்படி எழுத எழுத புரோகிராமின் வேகம் குறையும். டிரம்மை நிறுத்திப் பார்த்தாலும் நேரம் போகிறதுதானே!

ஒரு டிரம் என்றால் இவ்வளவுதான். டேனரியைத் தாண்டி வெளியே வாருங்கள், உண்மையான சுவாரசியம் அங்கேதான்! ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று எங்கெங்கோ இருக்கிற டேனரிகளின் கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போய்ச் சேருகிறது. ஆம்பூரில் துத்திப்பட்டில் ஒன்று, மாளிகைத்தோப்பில் ஒன்று. ஒருநாள் நிலையத்துக்கு வரும் நீரில் க்ரோம் திடீரென்று ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பியது யார்?

கூகுள் நிறுவனத்துக்கும் இதே தலைவலி இருந்தது. ஒரு தேடலுக்குப் பதில் சொல்ல ஏகப்பட்ட கம்ப்யூட்டர்கள் சேர்ந்து உழைக்கும், எது தாமதித்தது? 2010-ல் அவர்கள் வெளியிட்ட டாப்பர் கட்டுரை விடை சொன்னது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு எண் கொடு. அது போகிற இடமெல்லாம் அந்த எண்ணும் கூடவே போகட்டும். தண்ணீருக்கு அப்படி எண் குத்த முடியாது! எல்லாம் ஒரே குழாயில் கலந்துவிடும். ஆகவே கிளைக் குழாய்களில் மாதிரி எடுத்து, எந்தக் கிளையில் க்ரோம் தெரிகிறதோ அதைப் பிடித்து மேலே மேலே ஏறவேண்டும். கூடவே ஒவ்வொரு டேனரியின் ஃப்ளோ மீட்டரும் எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் விட்டதாகச் சொல்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். இங்கே கடிகாரம்தான் எல்லாம். இரண்டு மீட்டர்களின் நேரம் பத்து நிமிடம் மாறியிருந்தால், விட்டவர் தப்பித்து விடாதவர் மாட்டிக்கொள்வார். தூரத்துக் கம்ப்யூட்டர்களின் கடிகாரத்தை மட்டும் நம்பி எது முதலில் நடந்தது என்று சொல்லிவிட முடியாது என்பதை கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் 1978-லேயே எழுதிவிட்டார்.

டேனரிக் கழிவுநீரை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்றது. நாடே எடுத்தாளும் தீர்ப்பு, வழக்கு போனதோ நம் பாலாற்றங்கரையிலிருந்து! மாசுபடுத்தியவர் யார் என்று காட்டித்தர மீட்டர் வேண்டாமா? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில், டேனரி உட்பட 17 வகைத் தொழில்களுக்கு ஆன்லைன் கண்காணிப்புக் கருவியைக் கட்டாயமாக்கியது. அளவுகள் நேரே வாரியத்தின் சர்வருக்குப் போகின்றன.

கருவியையும் கண்காணிக்கத்தான் வேண்டும். பி.எச் மீட்டரின் முனையில் கொழுப்பு படிந்தால் அது தப்பாகக் காட்டும். மணிக்கணக்கில் ஒரே எண் அசையாமல் நின்றால் அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; மீட்டரைக் கழற்றிப் பார்க்கவேண்டிய நேரம் அது. லேபில் சோதித்த அளவோடு ஒப்பிட்டு அடிக்கடி சரிபார்க்கவேண்டும்.

அதோடு, எதை அளக்கவில்லை என்பதையும் கேட்கவேண்டும். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் கழிவுச்சேறு தேங்கியிருந்த தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். சேறு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது, சுவர் தாங்குமா என்பதும் கண்காணிக்கவேண்டிய விஷயம்தான்.

அபாயக் கழிவைக் கையாளும் ஆலைகள் தங்கள் விவரங்களை வாசலில் பலகையாக வைக்கவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2003-லேயே உத்தரவிட்டிருக்கிறது. அடுத்தமுறை அந்தப் பக்கம் போனால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அந்தப் பலகையைப் படியுங்கள். டேனரிக் கழிவுநீரில் மொத்தக் க்ரோம் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் வெளியே போகக்கூடாது. பலகை காலியாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.