கிளிஞ்சல் மாலைக்கு லட்சக்கணக்கில் விலையா? ஹவாயின் 'நிஹாவ் லெய்' எப்படி உருவாகிறது?

கடற்கரையில் சும்மா கிடக்கிற கிளிஞ்சல்தானே, அதுக்குப் போய் இவ்வளவு விலையா? ஹவாயின் 'நிஹாவ் லெய்' மாலையைப் பார்க்கும் பலருக்கும் முதலில் தோன்றும் கேள்வி இதுதான். பெரிய மாலைகள் பல ஆயிரம் டாலருக்கு விற்பனையாகின்றன. காரணம் என்ன?

நிஹாவ் எங்கே இருக்கு?

ஹவாயில், காவாய் தீவுக்குப் பக்கத்தில் உள்ள சின்னத் தீவு இது. 1864-ல் எலிசபெத் சின்க்ளேர் என்பவர் ஹவாய் அரசரிடமிருந்து 10,000 டாலருக்கு வாங்கினார். இன்றும் அவரது வாரிசுகளான ராபின்சன் குடும்பத்தின் கையில்தான் தீவு இருக்கிறது. அனுமதி இல்லாமல் வெளியாட்கள் போக முடியாது. அங்கே வசிக்கும் பூர்வகுடி மக்களின் அன்றாடப் பேச்சுமொழி ஹவாய் மொழி.

என்னென்ன கிளிஞ்சல்கள்?

முக்கியமாக மூன்று வகை. மோமி என்றால் முத்து. லைகி என்றால் அரிசி. பார்க்கவும் அரிசி போலவே இருக்கும். மிகச் சிறியது கஹெலெலானி, சில மில்லிமீட்டர்தான். இளஞ்சிவப்பு, அடர்சிவப்பு எனப் பல நிறங்களில் கிடைக்கும்.

எப்படிக் கத்துக்கறாங்க?

வீட்டுப் பெரியவர்கள் செய்வதைப் பார்த்துத்தான்.

* குளிர்கால அலைகள் கிளிஞ்சல்களைக் கரையில் ஒதுக்கும். மணலில் குனிந்தும் படுத்தும் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும்.
* பிறகு அளவு, நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டும். கீறல் விழுந்தது, மங்கியது எல்லாம் கழிந்துவிடும்.
* குத்தூசியால் துளை போடுவதுதான் கஷ்டமான கட்டம். கொஞ்சம் அழுத்தினாலும் உடைந்துவிடும்.
* கடைசியாக நைலான் நரம்பில் கோர்க்க வேண்டும். மோமியை மல்லிகை மொட்டுச் சரம் போலக் கோர்க்கும் பாணிக்கு 'பிகாகே' என்று பெயர். ஹவாயில் மல்லிகைக்கும் அதே பெயர்தான்!

ஒரே நிறத்தில், ஒரே அளவில் போதுமான கிளிஞ்சல் சேரவே சில மாலைகளுக்கு வருடக்கணக்கில் ஆகும். விலை ஏறுவது இதனால்தான்.

சட்டம் ஏன் வந்தது?

தீவின் கால்நடைப் பண்ணை 1999-ல் மூடப்பட்ட பிறகு, இந்த மாலைகள் அங்குள்ள குடும்பங்களுக்கு முக்கிய வருமானம் ஆகின. வேறு கிளிஞ்சல்களைக் கோர்த்து 'நிஹாவ்' என்று விற்றால், அடி விழுவது இவர்கள் வயிற்றில்தான். அதனால் 2004-ல் அந்தப் பெயருக்குப் பாதுகாப்பு தரும் சட்டத்தில் அப்போதைய ஹவாய் ஆளுநர் லிண்டா லிங்கிள் கையெழுத்திட்டார்.

கிளிஞ்சல் கோர்க்கும் கலையை யார் வேண்டுமானாலும் பழகலாம். ஆனால் 'நிஹாவ்' என்ற பெயர், அந்தக் கரையில் பொறுக்கியவற்றுக்கு மட்டுமே சொந்தம்.